ஒண்ணு விட்டு ஒண்ணு

“இவ்வளவு இறுக்கிக் கட்டறியே தம்பி, அவுத்துக்கிட்டு ஓடிடவா போகுது?”

கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தபடி ரௌனோ கேட்டார். முழங்காலிட்டுக் கம்பி கட்டிக்கொண்டிருந்த இலாரி நிமிரவில்லை.

பக்கத்து வீட்டு தார்மோவின் கார் ஷெட்டுக்கு அன்று தரை போடுகிறார்கள். ஏரி உறைவதற்குள் முடித்தாக வேண்டும். மூன்று மணிக்குக் கலவை லாரி வந்துவிடும். கம்பி கட்டுவதற்கு மைத்துனன் இலாரி நகரத்திலிருந்து வந்திருந்தான். கூலி கிடையாது, பட்டாணி சூப்பும் காப்பியும்தான்.

ரௌனோ முப்பது வருடம் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். ஆனால் இன்று ஒரு துண்டுக் கம்பியைக்கூடத் தூக்கக் கூடாது. நாளை மறுநாள், திங்கட்கிழமை, அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்.

திரும்பக் கண் விழிப்போமா என்ற பயத்தில் ஒரு வாரமாகத் தூக்கமில்லை. அதை மறைக்கத்தான் வாய்க்கு ஓய்வு கொடுக்காமல் இருந்தார்.

“தார்மோ, உன் மச்சான் கையைப் பாரு, வெண்ணெய்ல செஞ்ச மாதிரி! ஆபீஸ்ல பேனா புடிக்கிறவனா?”

“அவன்கிட்டயே கேளுங்க” என்று சிரித்துவிட்டு தார்மோ காப்பி எடுக்கப் போனான்.

இலாரி கட்டுக்கம்பியைக் குறட்டால் இரண்டு முறுக்கு முறுக்கினான். மிச்சத்தை நறுக்கி, நுனியைக் கீழ்ப்பக்கமாக மடக்கிவிட்டான். தரையைச் சூடாக்கப் போகும் சுடுநீர்க் குழாய் அந்தக் கம்பிகளின்மேல்தான் வளைந்து வளைந்து போயிற்று.

“நுனியை எதுக்கு மடக்கறே? சீவி சிங்காரிக்கிறியா?”

“குழாயைக் குத்திடும்ணே. எங்க வேலையிலயும் நுனி வெளிய நீட்டிட்டு நிக்கக் கூடாது.”

“அதென்ன வேலை? வேலி கட்டறதா?”

“கிட்டத்தட்ட.”

“அட, வேலிக்காரன்! அதான் இந்தக் கட்டு கட்டறே.” ரௌனோ வயிறு குலுங்கச் சிரித்தார். “ஒண்ணு விட்டு ஒண்ணு கட்டினாப் போதும்ப்பா. மேல கான்கிரீட் விழுந்துட்டா உள்ள இருக்கறதை எவன் பார்க்கப் போறான்?”

“நான் பார்த்துட்டேனேண்ணே” என்றான் இலாரி. அடுத்த முடிச்சுக்கு நகர்ந்தான்.

இரண்டரை மணிக்குக் கடைசி முடிச்சும் விழுந்தது. இலாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். ரௌனோவின் கையில் காப்பிக் கோப்பை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினான்.

காலையிலிருந்து தன்னால் கேலி செய்யப்பட்டவன் போர்த்திய சட்டை. ரௌனோவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

“குளிரு இல்ல தம்பி, பயம். திங்கட்கிழமை என் நெஞ்சைப் பிளக்கப் போறாங்க. எவன் பிளக்கப் போறான்னுகூடத் தெரியாது. நாளைக்குப் போய்ப் படுத்தாத்தான் அவன் மூஞ்சியையே பார்க்க முடியுமாம்.”

இலாரி அவரைக் கூர்ந்து பார்த்தான்.

“உங்க முழுப் பேர் என்னண்ணே?”

“ரௌனோ ஹுத்துனென். ஏன்?”

இலாரி கையில் இருந்த குறட்டை மெதுவாக வாளிக்குப் பக்கத்தில் வைத்தான். அவர் எதிரே குந்தி உட்கார்ந்து, அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

“திங்கட்கிழமை உங்க நெஞ்செலும்பைப் பிளந்து, திரும்பக் கம்பி முறுக்கி மூடப்போறவன் நான்தாண்ணே. ஒண்ணு விட்டு ஒண்ணு கட்டினாப் போதுமா?”