நாலு தேசிக்காய்

"இந்தக் கார் எங்களுக்குச் சரிவராது" என்றாள் ஸ்வர்ணா. கார் விற்கிற யார்டுக்குள் இன்னும் காலே வைக்கவில்லை.

தவராசா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் ஸ்வர்ணா 'வேண்டாம்' என்று சொல்லாத பொருளே இல்லை. பெரிய டிவி வேண்டாம். புது சோபா வேண்டாம். ஃபிஜிக்கு ஒருதரம் போய் வருவோமென்றால் அதுவும் வேண்டாம்.

"வெள்ளிக்கிழமை எனக்கு அறுபது வயசு. இன்னும் எப்ப ஸ்வர்ணா? பல்லுப் போன பிறகே?"

ஒக்லாந்தில் இருபத்தைந்து வருடமாக பஸ் ஓட்டுகிற மனிதர் அவர். ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு காரின் படத்தைத்தான் போனில் காட்டிக்கொண்டிருந்தார். ஜப்பானிலிருந்து வந்திறங்கிய நீலநிறச் சொகுசு செடான். எட்டு சிலிண்டர். நாலே செக்கனில் நூறு கிலோமீற்றர் வேகம். நியூசிலாந்து முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொன்று கிடையாது என்று அவரே முடிவும் கட்டிவிட்டார். இன்றைக்குப் பொறுமை போய், பாபடோயிட்டோய் கடையில் மரக்கறி வாங்கப் புறப்பட்ட மனைவியை அப்படியே ஒடாஹுஹு யார்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி" என்று சிரித்தபடி வந்தான் விற்பனையாளன் நிதின். கோயம்புத்தூர்க்காரன். ஸ்வர்ணா சிரிக்கவில்லை. போனை எடுத்து நிறுத்திப் பையில் போட்டாள்.

தவராசா சாரதி ஆசனத்தில் ஏறினார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன.

"ஆரோ கட்டையன் ஓடிப் பாத்திருக்கிறான் தம்பி."

நிதின் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டு, பின் சீட்டில் ஏறிக்கொண்டான். தவராசா பட்டனை அழுத்தினார். எஞ்சின் உறுமியது. அவருக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

"முருகன் பாட்டைப் போடன் ஸ்வர்ணா!"

"போன் நிப்பாட்டியாச்சு."

அவருக்கு ஆச்சரியம். முருகன் பாட்டுத் தொடங்காமல் வீட்டுப் பழைய காரை ஒரு அடி நகர விடாதவள் அவள். சரி, கோபம் அவ்வளவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மோட்டார்வேயில் ஏறியதும் காலை ஒருதரம் அழுத்தினார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. "ஐயோ முருகா!" என்றாள் ஸ்வர்ணா. "ஐயோ முருகா!" என்று அவரும் கத்தினார், சந்தோசத்தில்.

திரும்பி வரும் வழியில் ஒரு பஸ் தரிப்பிடத்தைக் கண்டதும் பழக்கதோசத்தில் அவர் கை தன் பாட்டில் சிக்னல் போட்டது, கார் ஒதுங்கி நின்றது. ஒரு அம்மா பஸ் கார்டை நீட்டிக்கொண்டே முன்னால் வந்துவிட்டார். கார் முழுக்கச் சிரிப்பு. ஸ்வர்ணாவும்தான் சிரித்தாள், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

யார்டுக்குள் கார் பழைய இடத்திலேயே வந்து நின்றது.

"எடுக்கிறன் தம்பி! எங்க கையெழுத்து வைக்க வேணும்?"

நிதின் தலையைச் சொறிந்தான். "சாரி அங்கிள். செவ்வாய்க்கிழமையே இது சேல் ஆயிடுச்சு."

"பிறகென்னத்துக்கு என்னை ஓட விட்டனீர்?"

"ரொம்ப ஆசையா வந்தீங்க. மனசு கேக்கல அங்கிள்."

தவராசாவின் முகம் சுருங்கிப் போனது. எஞ்சினை நிறுத்தவும் மனமில்லை, இறங்கவும் மனமில்லை. கதவைத் திறந்து குனிந்தவரின் கண்ணில் அது பட்டது. சக்கரத்தடியில் தட்டையாக நசுங்கிக் காய்ந்த தேசிக்காய். எட்டிப் பார்த்தார். பின் சக்கரத்தடியிலும் அதேபோல ஒரு எலுமிச்சை.

"எங்கட ஆக்கள்தான்! புதுக் காரெண்டு தேசிக்காய் நசிச்செல்லோ எடுத்திருக்கிறாங்கள்! ஆரோ ஒரு விசரன், எடுப்புக் காட்டுறதுக்கு வாங்கியிருக்கிறான். நேர கோயிலடியில கொண்டுபோய் நிப்பாட்டி, நாலு பேர் வாயைப் பிளக்க வேணும் அவனுக்கு. உந்தப் பகட்டுக்காரராலதான் எங்கட சனத்துக்கே மரியாதை இல்லை!"

"நீங்கள் வாங்கியிருந்தால் முதல்ல எங்க கொண்டுபோய் நிப்பாட்டியிருப்பியள்?" என்று கேட்டாள் ஸ்வர்ணா.

"கோயிலடியிலதான். அது வேற."

நிதின் இருமினான்.

"ஒரு படமாவது எடு ஸ்வர்ணா. இனி இந்தக் காரை நான் எங்க காணப்போறன்!" ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அழுகிற முகத்தோடு சிரித்தார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் ஸ்வர்ணாவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. பையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தாள்.

காரின் திரை மின்னியது. 'ஸ்வர்ணாவின் போன் இணைந்தது' என்று காட்டியது. மறுகணம் பதினாறு ஸ்பீக்கரிலும் முருகன் பாட்டு யார்டே அதிர முழங்கியது.

தவராசா திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அப்ப தேசிக்காய்..."

"நான்தான் வைச்சனான். செவ்வாய்க்கிழமை."

"ஓடிப் பாத்த கட்டையன்..."

"அதுவும் நான்தான்."

"ஆன்ட்டி மோட்டார்வேல சரியா நூறு பிடிச்சாங்க அங்கிள்" என்றான் நிதின், அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடிக்க.

தவராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீயெல்லோ எல்லாத்துக்கும் வேண்டாம் எண்டு சொல்லுறனி..."

"டிவி வேண்டாம், சோபா வேண்டாம், ஃபிஜி வேண்டாம் எண்டதெல்லாம் சேர்ந்துதான் இப்ப நீங்கள் இருக்கிற கார்."

நிதின் பைலைத் திறந்து நீட்டினான். ஸ்வர்ணா உரிமையாளர் பெயரில் விரலை வைத்தாள்.

"நீங்கள் சொன்ன அந்த விசரன்ர பேர் தவராசா. கொஞ்சம் மரியாதையாக் கதையுங்கோ, அவர் என்ர புருசன்."