பெருங்களத்தூர் வருவதற்குள்

தாம்பரம் தாண்டியதும் வண்டி சிக்னலில் நின்றுவிட்டது.

பெட்டியில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அப்பா மட்டும் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டினார். கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. பெருங்களத்தூரில் சஹானா ஏறுவாள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. கிண்டியில் கஸ்டமர் கேர் வேலை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களுக்கு சார், மேடம் போட்டு நாக்கு வறண்டிருந்தது. குரலை நம்பி ஒரு மேடத்தை சார் என்று கூப்பிட்டு, அந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இன்றைக்குத்தான்.

அப்பா படித்துக்கொண்டிருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற இங்கிலீஷ் நாவல். பிறந்தபோது பையன் என்று ஊரே நினைத்த ஒரு பெண். வானத்தில் பறப்பாள். கையை நீட்டினால் ஓடுகிற ரயில் நிற்கும். எங்கள் வண்டியை நிறுத்த அவ்வளவு சக்தி வேண்டாம், ஒரு சிக்னல் போதும்.

விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். தெரியாத வார்த்தைக்குப் போனில் அர்த்தம் பார்த்தார். புத்தகத்துக்கு பிரவுன் அட்டை வேறு போட்டிருந்தார். அழுக்காகாமல் இருக்கவா, இல்லை முன்பக்கத்துப் படத்தை ரயிலில் யாரும் பார்க்காமல் இருக்கவா என்று ஒருநாள் கேட்டேன். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

புத்தகத்தைக் கொடுத்தது சஹானா. என் தங்கை. அவளுக்கு வீட்டில் முதலில் வைத்த பெயர் வேறு. அதை நான் சொல்ல மாட்டேன்.

புதுப் பெயருக்கு அப்பா எப்படியோ பழகிவிட்டார். 'டா'தான் போகவில்லை. சாப்பிடுடா. சீக்கிரம் வாடா. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுருங்கும்.

"சுப்ரஜாவையும் டா போட்டுத்தானே கூப்பிடறேன்? அவ கோச்சுக்கறாளா?" என்று ஒருநாள் அப்பா கத்தினார்.

சுப்ரஜா நான்தான். அவர் சொன்னதும் பொய்யில்லை. பெண்ணைக் கொஞ்சும்போது நம் அப்பாக்களுக்குத் தானாக வருகிற 'டா'தான் எனக்குக் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது, மகன் என்று நினைத்து ஆரம்பித்த பழக்கம். இதை எப்படி அவருக்குப் புரிய வைப்பது? அவளாலும் முடியவில்லை. இந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, படியுங்கள் என்று சொல்லிவிட்டு, பெருங்களத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

போனதற்கு அப்புறம் இன்றைக்குத்தான் முதல்முறையாக வருகிறாள். கூடுவாஞ்சேரி வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்பாளாம். அப்பா பழையபடி கூப்பிட்டால் விடிந்ததும் கிளம்பிவிடுவாளாம், அதோடு சரியாம். போனில் என்னிடம் சொன்னதை அப்பாவிடம் அப்படியே ஒப்பித்திருந்தேன்.

வண்டி அசைந்தது. அப்பாவின் விரல் வேகம் பிடித்தது.

"இந்தப் பொண்ணோட அப்பன் சரியில்ல," என்றார் திடீரென்று. "அவ ரயிலையே நிறுத்தறா. இவனால ஒரு வார்த்தையை நிறுத்த முடியல."

 

பெருங்களத்தூரில் கூட்டத்தை இடித்துக்கொண்டு சஹானா ஏறினாள். கசங்கின சுடிதார், தோளில் பை. அவளும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். நான் இந்தப் பக்கம் நகர்ந்து, எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இடம் விட்டேன்.

"வா..." என்றார் அப்பா.

அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை. வருவதற்குள் வாயை மூடிக்கொண்டார். நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"உட்காரு. முடிச்சுட்டேன்," என்று புத்தகத்தை அவள் மடியில் வைத்தார்.

அவ்வளவுதான் பேச்சு. வண்டலூர் வருவதற்குள் அப்பா தூங்கிப்போனார். தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து அவள் தோளில் நின்றது. அவள் அசையாமல் இருந்தாள்.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "என்னையும் டா போடறதை விட்டுட்டார், தெரியுமா?" என்றேன் மெதுவாக.

"உன்னையுமா?"

"இந்தப் புத்தகம் வந்ததுலேருந்து."

சுப்ரஜா, சாப்பிடு. சுப்ரஜா, கதவைச் சாத்து. மொட்டை மொட்டையாக. அவளுக்கு ஆகாதது எனக்கும் வேண்டாம் என்று நினைத்தாரோ, தனியாக ஒருத்திக்கு மட்டும் நிறுத்தத் தெரியவில்லையோ. கேட்கவும் வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் அந்த ஒரு எழுத்துக்காக ராத்திரி அழுதிருக்கிறேன் என்பதை சஹானாவிடம் சொல்லவில்லை.

அவள் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அட்டையின் ஓரத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஊரப்பாக்கத்தில் வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. அப்பாவுக்குப் பாதி விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"கூடுவாஞ்சேரி வந்துடுச்சாடா?"

இத்தனை நாள் படித்தது, வாயை மூடியது எல்லாம் பாழ். என்னைத்தான் கேட்கிறார் என்று ஆக்கிவிட வேண்டும் என்று அவசரமாக வாயைத் திறந்தேன்.

சஹானா முந்திக்கொண்டாள்.

"இல்லப்பா, ஊரப்பாக்கம்தான். தூங்குங்க."