கை தெரியணும்

"ரெண்டு மணி நேர கேசட்டை ஒரே சிடியில அடைச்சா, கை ஆடுற எடமெல்லாம் படம் கட்டம் கட்டமா உடையும்மா. படத்தைச் சின்னதாக்கினாத்தான் தெளிவா வரும்," என்றார் சித்தூர் வீடியோக் கடை ஏகாம்பரம்.

"படம் சின்னதானாலும் பரவால்லண்ணா. குவைத் மாப்பிள்ளை பாக்கணும், எம்பொண்ணு கை தெளிவா தெரியணும்," என்றாள் முனிலட்சுமி.

திரையில் அவள் மகள் யமுனா, வளையல் குலுங்கக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நகையைக் காட்ட இரண்டு மணி நேரமா என்று அலுத்துக்கொண்டே ஏகாம்பரம் படத்தைச் சுருக்கினார்.

"பின்னாடி பாட்டு போடட்டுமா?"

"சத்தமே வேணாண்ணா. ரெண்டு பேருக்கும் காது கேக்காது. கையாலதான் பேசிக்குதுங்க."

ஏகாம்பரம் சத்தத்தை எடுத்துவிட்டு, சிடியில் அதனால் மிச்சமான இடத்தையும் விரல்கள் தெளிவாகத் தெரியவே கொடுத்தார்.

பக்கத்தில் நின்ற யமுனா சிரித்தபடி கையசைத்தாள்.

"இன்னா சொல்லுது?"

"பாதிதான் பேசியிருக்காளாம். இன்னொரு கேசட் கொண்டாரட்டுமான்னு கேக்குறா."