பார்த்துச் செய்யுங்க

ஜூன் 9, திங்கட்கிழமை, காலை 6.40. நூலகத்தின் மாடிக் கூடத்தில் பதினோரு பேர் குப்புறக் கிடந்தார்கள்.

கடைசிப் பாயில் பஸ் டிரைவர். இருபது வருட ஓட்டம் அவர் இடுப்பைத் தின்றிருந்தது. மறுநாள் டிப்போ டாக்டர் முன்னால் குப்புறப் படுத்து, கையூன்றி, நெஞ்சைத் தூக்கி ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தவறினால் வண்டி கிடையாது. சாவி எடுத்துக் கொடுக்கும் வேலைதான். இதுவரை அரை நிமிடத்தைத் தாண்டியதில்லை.

“புஜங்காசனம். பேச்சு கூடாது, கேள்வி கூடாது. நான் செய்யறத அப்படியே செய்யுங்க,” என்றார் யோகா மாஸ்டர். எல்லோருக்கும் முதுகைக் காட்டி மேடையில் படுத்து, பாம்புபோல் நிமிர்ந்தார். பின்னால் பதினோரு தலைகள் எழுந்தன.

“ஒண்ணு... ரெண்டு...”

எண்ணிக்கை பதினெட்டில் நின்றுபோனது. மாஸ்டர் இறங்கவில்லை.

“எண்ண மறந்துட்டாரா?” டிரைவர் முனகினார்.

“பீரோவ நகர்த்தச் சொன்னாலும் உங்களுக்கு இதே மூஞ்சிதான். சும்மா நில்லுங்க,” என்றாள் பக்கத்துப் பாயிலிருந்த மனைவி.

டிரைவரின் தோள்கள் நடுங்கின. மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது. துடைக்கக் கை இல்லை.

மாஸ்டரின் விரல்கள் தரையைத் தட்டின. பதினோரு பேரும் தட்டினார்கள்.

“ம்ம்ம்...” என்றார் மாஸ்டர்.

“ம்ம்ம்...” என்றது கூடம்.

“கை குடுங்க,” என்றார், குரல் கம்ம.

“வலது கையா, இடது கையா?” என்று கிசுகிசுத்தாள் மனைவி. முன்வரிசையைப் பார்த்து எல்லோரும் வலது கையைக் காற்றில் நீட்டினார்கள். டிரைவரின் மொத்த உடம்பும் இடது கையில் நின்றது.

“செத்தேன்டி...”

“நாளைக்கு வண்டி வேணுமா, வேணாமா?”

வேண்டும். பல்லைக் கடித்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் ஓடியிருந்தது.

மாஸ்டர் தலையை மட்டும் மெல்லத் திருப்பினார். கண்கள் கலங்கியிருந்தன.

“ஆசனம் எப்பவோ முடிஞ்சுபோச்சுய்யா... எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு, யாராவது வந்து தூக்குங்க!”

மறுநாள் டிரைவர் டாக்டரின் சோதனையில் தேறி, வண்டி எடுத்தார். உட்கார முடியாத மாஸ்டர் ஆஸ்பத்திரி வரை அதில் நின்றுகொண்டே போனார்.