வேறு குரல்

பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், அப்புறம் வாசிப்பவர் பெயர். அந்த ஒலி நூலகத்தில் எந்தப் புத்தகப் பதிவும் அப்படித்தான் தொடங்கும். பார்வையற்ற பிள்ளைகளுக்காகச் சும்மா வந்து வாசித்துக் கொடுக்கிறவர்களுக்கு அந்த ஒரு பெருமைதான் மிச்சம். இவர் அதுவும் வேண்டாம் என்றார்.

நூலகத்தை நடத்தும் ரெஜினா டீச்சர் வற்புறுத்தவில்லை. தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், கூச்சப்படுகிறார்போல என்று விட்டுவிட்டார்.

கூச்சமாவது, ஒன்றாவது!

கேட்கப்போகிற பிள்ளைகளில் அவர் மகளும் ஒருத்தி. ஆனந்தி. விடுதியில் தங்கி அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். அப்பாவின் போனை எடுத்து வருஷக்கணக்காகிறது.

பெயர் சொன்னால் கேட்க மாட்டாள். சொல்லாவிட்டால் யாரோ என்று கேட்டுவிடுவாள். கேட்கக் கேட்க மனசு இளகும். அப்புறம் மெள்ளச் சொல்லிக்கொள்ளலாம்.

பேர் தெரியாவிட்டால் ஆள் தெரியாதாம். கண் தெரியாத பிள்ளையிடம் போய் இந்தக் கெட்டிக்காரத்தனம்!

வீட்டில் அவளைக் ‘குருட்டு மூதி’ என்றுதான் கூப்பிடுவார். ஒருநாளும் வாய் நிறையப் பேர் சொன்னதில்லை.

அதே வாய்தான் தமிழக வரலாற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தது. வெந்நீர் குடித்துக் குடித்து வாசித்தார். திணறிய இடத்தை விடாமல் திரும்ப வாசித்தார். பாவி மனுஷன், அவ்வளவு ஆசையாக வாசித்தார்.

இன்று ரெஜினா டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“எல்லாப் பிள்ளைகளுக்கும் உங்க வாசிப்பு பிடிச்சிருக்கு சார். ஆனந்தின்னு ஒரு பிள்ளைதான், வேற குரல்ல இருந்தா குடுங்க, இல்லன்னா இந்தப் புத்தகம் இல்லாமலே பரீட்சை எழுதிக்கிடுதேன்னுட்டா. ஒரு பக்கம்கூட முழுசா கேக்கலயாம்.”



பரீட்சையோ நெருங்கிவிட்டது. இந்தப் பாடத்தை விட்டுவிட்டு அவள் எப்படி எழுதுவாள்?

“நீங்க வாசிச்சிருங்கம்மா” என்றார் கடைசியில். “நான் பக்கத்துல இருந்து பிழை பாக்கேன்.”

அறைக் கதவைச் சாத்தினார்கள். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு டீச்சர் வாசிக்கத் தொடங்கினார். நல்ல குரல். கணீரென்று இருந்தது.

சோழர்கள் வந்த இடத்தில் டீச்சர் ஒரு வரியை விட்டுவிட்டார்.

அவர் எட்டி, அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

டீச்சர் நிறுத்தினார்.

“வாயைத் திறந்து சொல்லலாம்லா சார்? அப்புறம் வெட்டிக்கிடலாம்.”

அவர் மாட்டேன் என்று தலையசைத்தார். விரலை எடுக்கவில்லை.

டீச்சர் அந்த வரியிலிருந்து மறுபடி வாசித்தார்.