அட்மின் பொறுப்பு

"மெசேஜ் போட்டது யாருன்னு கேட்டா, 'என் மேல கேஸ் போடுங்க'ன்னா எப்படிம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தெரு வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உமாராணி உட்காராமல் நின்றாள். தன் கடைக் கருப்பட்டியில் கலப்படம் என்று குழுவில் வந்த பொய்யைக் காட்டி, மகாராஜன் அண்ணாச்சி புகார் கொடுத்திருந்தார்.

"குழுவை நடத்துதவ நான்தானே சார்? பொறுப்பும் எனக்குத்தான்."

"அடுத்தவங்க எழுதினதுக்கு அட்மினைப் பிடிக்கச் சட்டத்துல இடமில்ல. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அவள் நகரவில்லை. "அப்ப நான்தான் எழுதுனேன்னு போட்டுக்கோங்க."

அந்த மெசேஜ் வந்ததாகப் புகாரில் இருந்த எண்ணை இன்ஸ்பெக்டர் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். "போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன்."

"நான் உமாராணி மக சண்முகப்ரியா பேசுதேன் சார்," என்றது உற்சாகமான குரல். "துறைமுக வேலைக்கு வெரிஃபிகேஷன்தானே? எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வாங்க."