ஹோம் ரன்னுக்கு ஈடாக ஓர் ஆள்

ஆர்வில் கேட்காமலேயே லோரெட்டா ஒரு துண்டு ஆப்பிள் பை பலகாரத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "காசு வேணாம், சாப்பிடு," என்றாள்.

அவளுடைய பாரில் இலவசமாகக் கிடைப்பது கை துடைக்கும் காகிதம் மட்டும்தான். அதையும் இரண்டாகக் கிழித்துத்தான் தருவாள். ஆனால் இதையெல்லாம் யோசிக்கும் நிலையில் ஆர்வில் இல்லை. வானொலியில் பெல்மோர் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே அவருக்கு நெஞ்சு எரியும்.

"போன சீசனில் ஹோம் ரன்களாக அடித்துக் குவித்த ரூடி சலாஸ், பெல்மோரிலிருந்து நமது ரஸ்கின் அணிக்கு வருகிறார். பதிலுக்கு ரஸ்கின் தருவது ஓர் ஆள். பெயர் பின்னர் அறிவிக்கப்படும்."

பேஸ்பாலில் இது வழக்கம்தான். குளிர்காலத்தில் அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளும். பதிலுக்கு யார் என்பதைச் சில சமயம் அப்புறம் சொல்வார்கள். அதுவரை ஊரில் எவனுக்கும் தூக்கம் வராது.

"சந்தோஷமாண்ணே?" என்றான் பக்கத்து ஸ்டூலில் இருந்த டெனி கோவாக். ரஸ்கின் அணியின் முதல் பேஸில் நிற்பவன். ஆட்டமில்லாத மாதங்களில் ஊருக்கெல்லாம் குழாய் ரிப்பேர் செய்பவன்.

"என்னடா சந்தோஷம்? பெல்மோர்க்காரன் நல்ல சரக்கைச் சும்மா கொடுப்பானா? முட்டி போயிருக்கும்." ஆர்வில் பலகாரத்தை முள்கரண்டியால் குத்திக் கிளறினார். "அப்படியே நல்லவனா இருந்தாலும் அவனுகளுக்கு என்ன குறை? புதுசா பயிற்சியாளர் பிடிச்சிருக்கானுக. நம்ம ஆளுக, போன வருஷத்து ஆளையே தாடி வளர்க்கச் சொல்லிப் புதுசுன்னு காட்டுறாங்க."

"தாடி நல்லாத்தான் இருக்கு," என்றாள் லோரெட்டா.

"அங்க ஒவ்வொரு சீட்டுக்கும் மெத்தை, தெரியுமா? நான் பலகையில உக்காந்து ஆகஸ்ட்ல ஏறின சிலாம்பு இன்னும் வெளிய வரல. அவன் ஊர்ல பெய்யிற பனிகூட நம்ம பனியைவிட வெள்ளையா இருக்கு."

"எல்லாம் ஒரே பனிதான், ஆர்வில்."

"நீ பாலத்து மேல நின்னு பார்த்திருக்கியா? நான் பார்த்திருக்கேன்."

டெனி தன் சிரிப்பைக் காபிக் கோப்பைக்குள் ஒளித்தான்.

"அவனுக நம்மளைப் பார்த்து வயிறெரிஞ்சது ஒரே ஒரு தடவைதான்," என்றார் ஆர்வில், கொஞ்சம் நிமிர்ந்து. "செப்டம்பர்ல பெல்மோர் டீம் முதலாளியம்மா என் பக்கத்துல உக்காந்து ஆட்டம் பார்த்தா. 'எங்க ஜனங்க சர்ச்சுல இருக்கற மாதிரி உக்காந்திருக்கு, இப்படி ஒரு தொண்டை எங்களுக்கு வாய்க்கலையே'ன்னா. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுத்தான் சொன்னா."

"நீங்க திட்டுனது எந்த டீமைன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமாண்ணே?"

"திட்டுறேனா? உற்சாகப்படுத்துறேன்டா!"

"'உங்கம்மா துடைப்பத்தால இதைவிட நல்லா அடிப்பா'ன்னு, எங்கம்மா பக்கத்துல நின்னே கத்துனீங்களே. அதுவா?"

"அது பாசம்." ஆர்வில் முள்கரண்டியை அவன் பக்கம் நீட்டினார். "நீ மட்டும் என்னவாம்? வெளியூர்ல வெளுத்து வாங்குற. சொந்த ஊருக்கு வந்தா மட்டையைக் குடை மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கிற."

"இங்க கொஞ்சம் சத்தம் ஜாஸ்திண்ணே."

முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. வெளியூரில் வெளுத்து வாங்குகிறவன். பெல்மோர்க்காரன் வேறு யாரைக் கேட்பான்? ஆர்வில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தட்டை மெல்ல டெனியின் பக்கம் தள்ளினார்.

"இது உனக்கு வச்சதுடா, தம்பி. வழியனுப்புறாங்க. உன்னைத்தான் கொடுக்கப் போறாங்க."

"அவன் சாப்பிட்டாச்சு," என்று லோரெட்டா தட்டைத் திரும்ப நகர்த்தினாள். "நீ சாப்பிடு."

"எனக்கு எப்படி இறங்கும்? எது நல்லா இருந்தாலும் அவனுகளுக்கே போகுது!" ஆர்வில் குரல் உடைந்தது. "நீ போயிட்டா நான் யாரைடா திட்டுவேன்?"

கதவு திறந்தது. ஒரு காகிதப் பையோடு, காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே விர்ஜில் ஸ்டாப் வந்தார். ரஸ்கின் அணியின் முதலாளி.

ஆர்வில் பாய்ந்துபோய் வழிமறித்தார். "முதலாளி, டெனியைக் கொடுத்தீங்கன்னா இனிமே மைதானத்துப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். சத்தியம்."

பாரில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டெனியைக் கொடுக்கல," என்றார் விர்ஜில்.

ஆர்வில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பயம் வந்தது. "ஐயோ, பந்து வீசுற லூவையா?"

"லூவும் இல்ல. ஆட்டக்காரங்க யாரையுமே கொடுக்கல."

"ஆட்டக்காரன் இல்லாம வேற யாரை..."

விர்ஜில் காகிதப் பையிலிருந்து பெல்மோரின் சிவப்புத் தொப்பியை எடுத்தார். அதை ஆர்விலின் தலையில் வைத்து, கோணலைச் சரிசெய்தார். பின்னால் டெனி எழுந்து நின்று கைதட்டினான்.

"முதல் வரிசை, மெத்தை சீட்டு. அந்தம்மா உன்னைத்தான் கேட்டாங்க, ஆர்வில்."